.44 மேக்னம் பற்றிய முதல் கட்டுரைகள்: எந்த வழியில் தேடலாம்?

கையில் இருந்தது அரை வரித் துப்பு: ‘ஹேட்சர், அமெரிக்கன் ரைஃபிள்மேன், 1956’.

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .44 மேக்னம் ரிவால்வரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வாக்கியத்தைத் தொடாமல் போகமாட்டார்கள். கையுறை போடாமல் சுட்டால், பேஸ்பால் மட்டை உள்ளங்கையில் சுளீரென்று பட்டது போல இருக்கும் என்பதுதான் அது. எழுதியவர் மேஜர் ஜெனரல் ஜூலியன் ஹேட்சர். ராணுவத்தின் ஆயுதத் துறையில் காலம் கழித்தவர், ஓய்வுக்குப் பிறகு அமெரிக்கன் ரைஃபிள்மேன் இதழுக்குத் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்தவர். அந்த வாக்கியத்தை இருபது இடங்களிலாவது படித்திருப்பேன். அதற்கு முன்னால் என்ன எழுதினார், பின்னால் என்ன எழுதினார் என்பதை ஒரு இடத்தில்கூடப் படிக்கவில்லை. மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் மூலத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்ற சந்தேகம் அங்கேதான் கிளம்பியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் துப்பாக்கி கிடையாது. வாங்கும் எண்ணமும் இல்லை. பழைய பத்திரிகை எழுத்துதான் என் பித்து. ஆனால் 1950களில் அமெரிக்காவில் ஒரு புதுப் பொருளை எப்படிப் பரிசோதித்தார்கள், எப்படிப் புகழ்ந்தார்கள், எங்கே கூசாமல் விளம்பரம் செய்தார்கள் என்பதைப் பார்க்க இந்த ரிவால்வரை விட நல்ல பொருள் கிடைப்பது கடினம்.

மூலத்தை ஏன் தேட வேண்டும் என்பதற்கு எல்மர் கீத் ஒருவரே போதும். பெரிய தொப்பியும் சுருட்டுமாகப் படங்களில் நிற்பாரே, அந்த ஐடஹோக்காரர். அதற்கு முன்பிருந்த .44 ஸ்பெஷல் தோட்டாவில் தொழிற்சாலை போடுவதைவிட அதிக வெடிமருந்தைத் திணித்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சுட்டுச் சுட்டுப் பார்த்தவர். தோட்டா செய்யும் ரெமிங்டனையும் துப்பாக்கி செய்யும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனையும் விடாமல் நச்சரித்து, .44 மேக்னம் என்ற தோட்டாவும் அதற்கான ரிவால்வரும் பிறக்கக் காரணமாக இருந்தவர். ‘கீத் இந்த ரிவால்வரால் 600 கெஜத்தில் மான் சுட்டாராம்’ என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. நம்பாதவர்கள் அவரைப் புளுகர் என்கிறார்கள். அவரே எழுதியதைப் படித்தால் விஷயம் வேறு: உடன் வந்தவரின் ரைஃபிள் குண்டு பட்டுக் காயத்தோடு தப்பி ஓடிக்கொண்டிருந்த மான் அது. கீத் சுட்ட முதல் சில குண்டுகள் பட்டதும் இல்லை. அவை மண்ணில் எங்கே விழுகின்றன என்று பார்த்துப் பார்த்து உயர்த்திச் சுட்டபின்தான் பட்டது. ‘காயம்பட்ட’ என்ற ஒரு சொல்லும், பட்டுவிடாத குண்டுகளும் கைமாறக் கைமாறக் கதையிலிருந்து உதிர்ந்துவிட்டன.

சரி, தேடுவோம். எந்த வழியைப் பிடிப்பதாக இருந்தாலும் காலக்கோடு மனத்தில் இருக்க வேண்டும். முதல் ரிவால்வர் 1955 டிசம்பரில் முடிந்தது. அறிவிப்பும் விநியோகமும் 1956 தொடக்கத்தில். ஆரம்பத்தில் வெளியே போனவற்றில் ஒன்று ஹேட்சருக்கும் ஒன்று கீத்துக்கும் போய்ச் சேர்ந்தன. இன்று எல்லோரும் சொல்லும் ‘மாடல் 29’ என்ற பெயர் 1957-ல் நிறுவனம் எண் முறைக்கு மாறியபோது வந்தது. ஆகவே ‘மாடல் 29’ என்று தேடுகிறவருக்கு எது வேண்டுமோ அதுவே கிடைக்காது. முதல் கட்டுரைகள் எதிலும் அந்தச் சொல் இருக்க வழியில்லை. ‘.44 மேக்னம்’ என்று தேடினால் அதே 1956-ல் அதே தோட்டாவுக்கு ரூகர் நிறுவனம் செய்த பிளாக்ஹாக்கும் சேர்ந்துகொண்டு வரும். அது ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்துச் சுடும் பழைய பாணி ரிவால்வர். அதைக் கழிக்கத் தனி வேலை.

இன்னொரு கோடு 1971. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான ஒரு ஹாலிவுட் போலீஸ் படத்தில் நாயகன் கையில் இந்த ரிவால்வர் இருந்தது. அதுவரை வேட்டைக்காரர்களும் குறிபார்ப்பவர்களும் மட்டும் வாங்கியதை ஊரே கேட்கத் தொடங்கியது. கடையில் சரக்கு இல்லை, நிர்ணய விலைக்கு மேலே கொடுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் பாதி அந்தப் படத்தைப் பற்றியவை. துப்பாக்கியைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் தேடுவது நல்லது.

முதல் வழி காசில்லாதது. ‘கன்ஸ்’ என்ற மாத இதழ் 1955 ஜனவரியில் தொடங்கியது. .44 மேக்னம் வெளிவந்தபோது அதற்கு வயது ஒன்று. புதுப் பத்திரிகைக்குப் புதுத் துப்பாக்கி கிடைத்தால் விடுமா? இந்த இதழை நடத்துபவர்களே தங்கள் ஆரம்பகால இதழ்களை அட்டையிலிருந்து அட்டைவரை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். சட்டச் சிக்கல் இல்லை, விளம்பரங்களோடு முழு இதழ், தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். இந்த வசதிக்கு நான் பெரிய கும்பிடு போடுவேன். குறை இரண்டு. அது பெட்டிக்கடையில் தொங்கி விற்க வேண்டிய பத்திரிகை, அதனால் தலைப்புகள் சத்தமாக இருக்கும், உள்ளே அளவீடுகள் குறைவாக இருக்கும். அடுத்தது, அந்த ஒரே பத்திரிகைதான். ஹேட்சர் அங்கே இல்லை.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘கன்ஸ்’ வேறு, ‘கன்ஸ் அண்ட் ஆம்மோ’ வேறு. பின்னது 1958-ல் லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர்சன் நிறுவனம் தொடங்கியது. 1960-ல் ‘ஷூட்டிங் டைம்ஸ்’ வந்தது. ‘கன் டைஜஸ்ட்’ மாத இதழ் அல்ல, 1944 முதல் வரும் தடித்த ஆண்டு மலர். கீத் வெவ்வேறு காலத்தில் இவற்றில் பலவற்றுக்கு எழுதியவர். ‘கீத் கட்டுரை, கன்ஸ் இதழ்’ என்று யாராவது குறிப்புக் கொடுத்தால், எந்த கன்ஸ் என்று இரண்டு முறை கேளுங்கள்.

இரண்டாவது வழி, பெரிய எண்ணிம நூலகங்கள். கூகுள் புக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ், 2008-ல் பல்கலைக்கழக நூலகங்கள் கூடித் தொடங்கிய ஹாத்தி டிரஸ்ட். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடு திரும்புவார்கள், ஏனென்றால் 1956 இதழைத் திறந்தால் திறக்காது. காப்புரிமை. அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியானவற்றுக்கு 28-ஆவது ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், புதுப்பிக்காதவை பொதுவுடைமை. ஆனால் ஒரு இதழ் புதுப்பிக்கப்பட்டதா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? சந்தேகம் என்றால் நூலகம் பூட்டிவிடும்.

ஆனால் பூட்டிய கதவிலும் ஒரு சாவித்துவாரம் இருக்கிறது. திறந்து படிக்க முடியாத தொகுதிக்குள்ளும் ஹாத்தி டிரஸ்டில் சொல் தேடலாம். எந்தப் பக்கத்தில் எத்தனை முறை அந்தச் சொல் வருகிறது என்று காட்டும், வாக்கியத்தை மட்டும் காட்டாது. கூகுள் புக்ஸ் சில நேரம் இரண்டு மூன்று வரித் துணுக்கைக் காட்டும். கட்டுரை படிக்க இது உதவாது. கட்டுரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. அரை வரித் துப்பை முழு முகவரியாக மாற்றித் தருவது இதுதான்.

இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, எழுத்தைப் படிக்கும் இயந்திரம் எண்களில் தடுமாறும். ‘.44’-ல் இருக்கும் புள்ளியைத் தூசி என்று விட்டுவிடும், 4-ஐ வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எண்ணை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள். அப்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் தலைவராக இருந்தவர் கார்ல் ஹெல்ஸ்ட்ராம். அடிக்கடி அச்சேறாத பெயர் என்பதால், அது வரும் பக்கம் நமக்கு வேண்டிய பக்கமாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. ரெமிங்டன் செய்த முதல் தோட்டாவின் குண்டு எடை 240 கிரெய்ன், ‘240’ என்பதையும் ‘ரெமிங்டன்’ என்பதையும் சேர்த்துத் தேடினாலும் பலன் உண்டு. இன்னொரு தொல்லை, பல மாத இதழ்களில் பக்க எண் மாதாமாதம் ஒன்றிலிருந்து தொடங்கும். பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்த தொகுதியில் ‘பக்கம் 49’ என்று காட்டினால், பன்னிரண்டு நாற்பத்தொன்பதாம் பக்கங்கள் இருக்கின்றன. அந்தந்த மாத அட்டையில் நிச்சயம் இருக்கும் மாதப் பெயரையும் தேடி, எதற்கும் எதற்கும் நடுவில் நம் பக்கம் விழுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

கணக்குப் போடும்போது நினைவில் வையுங்கள்: அமெரிக்க மாத இதழ்கள் அட்டையில் போடும் மாதத்துக்கு முன்பே கைக்கு வந்துவிடும், எழுதி அச்சுக்குப் போனது அதற்கும் முன்னால். டிசம்பரில் பிறந்த துப்பாக்கிக்கு ஜனவரி இதழில் பரிசோதனைக் கட்டுரை எதிர்பார்ப்பது வீண்.

மூன்றாவது வழிதான் என் தேர்வு. நூலகங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் இரவல். நான் இருப்பது அமெரிக்காவில், ஒரு சிறு நகரத்தில். எங்கள் ஊர் நூலகத்தில் அமெரிக்கன் ரைஃபிள்மேனின் 1956 இதழ் எதுவும் கிடையாது. ஆனால் எங்கே இருக்கிறது என்று வேர்ல்ட்கேட் பட்டியலில் பார்த்துச் சொல்லவும், அங்கிருந்து அந்தக் கட்டுரையின் நகலை வாங்கித் தரவும் அவர்களால் முடியும். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு இதற்காகவே ஒரு வாசலை விட்டிருக்கிறது: சொந்தப் படிப்புக்காகக் கேட்பவருக்கு ஒரு இதழிலிருந்து ஒரு கட்டுரையை நூலகம் நகலெடுத்துக் கொடுக்கலாம். எண்ணிம நூலகம் பூட்டி வைத்த அதே பக்கம், மனிதர் கையால் கேட்டால் சட்டப்படியே வந்துவிடுகிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. துப்பாக்கி சேகரிப்பவர்கள் ஒரு கைப்பிடிக் கட்டைக்கு நூறு டாலர் கொடுப்பார்கள், நூலகத்தின் படியேறிக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

நிபந்தனை ஒன்றுதான், முகவரி முழுதாக வேண்டும். பத்திரிகை, மாதம், ஆண்டு, பக்கம், முடிந்தால் தலைப்பு. ‘1956-ல் .44 மேக்னம் பற்றி ஏதோ வந்ததாம்’ என்று கேட்டால் எந்த நூலகரும் உட்கார்ந்து புரட்டமாட்டார். எனவே இரண்டாவது வழியில் முகவரி எடுத்து மூன்றாவது வழியில் கட்டுரை எடுக்க வேண்டும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி எது மேல் என்று கேட்பதே தவறு.

குறையும் இருக்கிறது. பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் பிய்த்து எறிவது அந்தக் கால நூலகங்களில் சகஜம். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த நகல் என்றால் புகைப்படங்கள் கரிப்பூச்சாகத்தான் வரும். குழலின் நீளம், பின்பக்கக் குறிகாட்டி, மரப்பிடியின் செதுக்கல் போன்ற நுணுக்கம் வேண்டியவருக்கு அது பயன்படாது. கேட்கும்போதே ‘அச்சுப் பிரதியிலிருந்து வண்ண ஸ்கேன்’ என்று குறிப்பிட்டால் சில நூலகங்கள் மனது வைக்கும்.

நான்காவது, காகிதத்தையே வாங்குவது. ஏலத் தளங்கள், பழைய புத்தகக் கடைகள், துப்பாக்கிக் கண்காட்சிகளில் மேசைக்கடியில் இருக்கும் அட்டைப்பெட்டிகள். அமெரிக்கன் ரைஃபிள்மேன் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் உறுப்பினர்களுக்கு மாதாமாதம் தபாலில் போன இதழ், அதனால் பரண்களில் ஏராளமாகத் தங்கியது, பழசு என்பதற்காக விலை ஏறிவிடவில்லை. ஆனால் விற்பவர் விளம்பரத்தில் ‘.44 மேக்னம் முதல் கட்டுரை’ என்று ஒரு வரி சேர்த்தவுடன் அதே இதழ் மூன்று மடங்கு. முகவரி தெரிந்தவர் வெறும் மாதத்தைச் சொல்லித் தேடினால் மலிவாக எடுக்கலாம்.

நான் முகவரி தெரிந்தபின், ஆசை தாளாமல், நூலகத்திடம் கேட்பதற்கு முன்பே ஒன்று வாங்கினேன். தபால் செலவோடு 14 டாலர். அட்டை பளிச்சென்று இருந்தது. ஆணி துருப்பிடித்திருந்தது, அது பரவாயில்லை. பிரித்துப் பார்த்தால் நடுவில் பக்கங்கள் இல்லை. சரியாக அந்தக் கட்டுரை மட்டும், அடிமட்டம் வைத்துப் பிளேடால் அறுத்தது போல. நம் வீடுகளில் வார இதழ்த் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைத்தார்கள் அல்லவா? எங்கள் பாட்டி வீட்டில் அப்படி ஒரு பீரோ நிறைய இருந்தது. அதே வேலையை ஒரு அமெரிக்கர் எழுபது வருடத்துக்கு முன்னால் தன் ரிவால்வருக்காகச் செய்திருக்கிறார். கோபம் வரவில்லை, ஏதோ சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது. விற்றவர் மீதும் பெரிய குற்றமில்லை, அட்டையை மட்டும் பார்த்து விற்றிருக்கிறார். பணம் கொடுக்கும் முன் பொருளடக்கத்தையும் கட்டுரையின் முதல் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்காதது என் பிழை.

இருந்தாலும் காகிதத்துக்கு ஈடு காகிதம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மிஞ்சிய பக்கங்களைப் புரட்டினேன். தபாலில் ராணுவ உபரித் துப்பாக்கி விற்கும் விளம்பரங்கள், தோட்டாவுக்கு வீட்டிலேயே மருந்து அடைக்கும் கருவிகள், வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியர் குழுவின் வறட்டுப் பதில்கள். இவற்றுக்கு நடுவே வைத்துப் பார்க்கும்போதுதான் .44 மேக்னம் அன்று எவ்வளவு விலையுயர்ந்த, தேவையைத் தாண்டிய பொருளாகத் தெரிந்திருக்கும் என்பது உறைக்கிறது. நூலகம் அனுப்பும் ஐந்து பக்க ஸ்கேனில் அந்தச் சூழல் இல்லை.

தொகுப்பு நூல்களை ஐந்தாவது வழியாகச் சொல்வார்கள். கீத்தின் பத்திரிகைப் பத்திகளும், ஷூட்டிங் டைம்ஸில் எழுதிய ஸ்கீட்டர் ஸ்கெல்டனின் கட்டுரைகளும் புத்தகமாகக் கிடைக்கின்றன. ஸ்கெல்டனைப் படிக்காமல் விடாதீர்கள், மேக்னம் அலையில் எல்லோரும் அடித்துச் செல்லப்பட்டபோது ‘.44 ஸ்பெஷலே போதுமே’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கதை சொல்லியாகவும் கீத்தைவிட ஒரு படி மேல். ஆனால் தொகுப்பில் தொகுப்பவர் கை இருக்கும். படங்கள் போயிருக்கும், எந்த மாத இதழில் வந்தது என்ற குறிப்பும் சில நேரம் போயிருக்கும். சுகமாகப் படிக்க நல்லது, சான்றாகக் காட்ட நல்லதல்ல.

சிலர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையிடம் கடிதம் கேட்டால் கட்டுரைகள் பற்றியும் சொல்வார்கள் என்று நினைக்கிறார்கள். சொல்லமாட்டார்கள். அந்தக் கடிதம் உங்கள் கையில் உள்ள துப்பாக்கி எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதற்கானது. 1970 முதல் இயங்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சேகரிப்பாளர் சங்கத்தில் அறிமுகம் இருந்தால் முகவரி கிடைக்கும் வேகம் கூடலாம், அவ்வளவுதான்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது? அந்தக் காலச் சுவை தெரிந்தால் போதும் என்பவர் கன்ஸ் இதழின் 1956, 1957 இலவசப் பிரதிகளோடு நின்றுவிடலாம், நிறைவாகவே இருக்கும். எதையாவது எழுதப்போகிறவர், மேற்கோளின் முன்பின் வேண்டியவர், ஹாத்தி டிரஸ்டில் முகவரி எடுத்து நூலகத்திடம் போக வேண்டும். குறுக்குவழி இல்லை, செலவும் ஏறக்குறைய இல்லை. கையில் அந்த வருடத்து ரிவால்வரே வைத்திருந்து, பக்கத்தில் அதே வருடத்து இதழை வைத்து அழகு பார்க்க நினைப்பவர் மட்டும் காகிதம் வாங்கட்டும், அதுவும் கடைசியில். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து தேடுபவருக்குக் காகிதம் கட்டுப்படியாகாது, இதழைவிடத் தபால் செலவு அதிகம். அமெரிக்காவில் அண்ணன் மகன் யாராவது இருப்பான். அவனிடம் நூலக அட்டையும் இருக்கும், வாங்கி வைத்துப் பயன்படுத்தாமல். முகவரியை நீங்கள் எடுத்துக் கொடுங்கள், கோரிக்கையை அவன் போடட்டும்.

என் கோரிக்கைக்குப் பதில் பதினோரு நாளில் வந்தது. ஹேட்சரின் மட்டை உவமை அதில் இருக்கிறது, நிதானமான ஒரு பொறியாளரின் அறிக்கைக்கு நடுவே. பக்கங்களை அச்செடுத்து, அந்த 14 டாலர் இதழில் பிளேடு போட்ட இடத்தில் செருகி வைத்திருக்கிறேன். பக்க எண் பொருந்துகிறது, காகிதம்தான் கொஞ்சம் வெளுப்பு.